கர்ப்பப்பைல கட்டியா? கத்திக்கு முன்னாடி படத்த ஒழுங்கா பாருங்க

"கட்டி 7 சென்டிமீட்டர், எடுத்துரலாம்." எங்க பெரியம்மா மக, 43 வயசு, ஸ்கேன் எடுத்த அன்னிக்கே இந்த ஒத்த வரியோட வீட்டுக்கு வந்தா. மாசாமாசம் 9 நாள் 10 நாள் ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7.2, ரெண்டு படி ஏறுனா மூச்சு வாங்குது. வீட்ல பெரியவங்க எல்லாம் "ரெண்டு புள்ள பெத்தாச்சுல்ல, இனி அது எதுக்கு, எடுத்துட்டு நிம்மதியா இரு"ன்னு ஒரே பேச்சு. நான் கேத் லேப்ல, அதாவது ரத்தக்குழாய்க்குள்ள ட்யூப் விட்டு எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே வைத்தியம் பண்ற ரூம்ல, டெக்னீஷியன், ஆஞ்சியோ டேபிள் பக்கத்துல நின்னே பல வருஷம் ஓடிருச்சு, அதனால அக்கா ரிப்போர்ட்ட வாட்ஸாப்ல அனுப்புனா. திறந்து பாத்தா மொத்தமே நாலு வரி. "பல்க்கி யுடெரஸ், ஃபைப்ராய்டு 7 செ.மீ." அதாவது கர்ப்பப்பை பெருத்திருக்கு, அதுல 7 சென்டிமீட்டர் சதைக்கட்டி. அவ்ளோதான். எங்க இருக்கு, உள்பக்கமா வெளிப்பக்கமா, ஒண்ணா நாலா, ஒரு விவரமும் கிடையாது. இத வச்சுக்கிட்டு கர்ப்பப்பைய எடுக்குறதா வேணாமான்னு எப்படிங்க முடிவு பண்றது?

நான் டாக்டர் இல்ல, முடிவு உங்க டாக்டரோட உக்காந்து எடுக்க வேண்டியது. ஆனா மாத்திரை, ஊசிய விட்டா, ஆபரேஷன் இல்லாம ஃபைப்ராய்டுக்கு பண்ற வைத்தியம் எல்லாமே படத்த பாத்து பண்றதுதான், அதுல முக்கியமானது கட்டிக்கு போற ரத்தக்குழாய அடைக்கிற எம்போலைசேஷன், ஸ்கேன் சரியா இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அதனால எந்த ஸ்கேன எப்ப எடுக்கணும், அதுல என்ன பாக்கணும், கேத் லேப் உள்ள என்ன நடக்கும், அப்புறம் எத நம்பணும் எத நம்பக்கூடாதுன்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

சைஸ விட இடம்தான் முக்கியம்

கர்ப்பப்பைய ஒரு ரூம்னு வச்சுக்கோங்க. கட்டி ரூமுக்கு உள்ள துருத்திக்கிட்டு இருக்கலாம், சுவருக்குள்ளயே புதைஞ்சு இருக்கலாம், சுவருக்கு வெளிய தொங்கலாம். உள்ள துருத்துனா 2 சென்டிமீட்டர் கட்டியே போதும், ரத்தம் நிக்காம போகும். வெளிப்பக்கம் 8 சென்டிமீட்டர் இருந்தாலும் பீரியட்ஸ் ஒழுங்கா வரும், ஆனா மூத்திரப்பைய அழுத்திக்கிட்டு அரை மணிக்கு ஒரு தடவ பாத்ரூம் போக வைக்கும். இதத்தான் டாக்டருங்க ஃபிகோ நம்பர்னு 0 முதல் 8 வரைக்கும் போடுவாங்க. 0, 1, 2 எல்லாம் உள்ரூம் பக்கம் எட்டிப் பாக்குறது, 3, 4 சுவர்ல புதைஞ்சது, 5, 6 வெளிப்பக்கம் தள்ளுனது, 7 வெளிய காம்போட தொங்குறது, 8 கர்ப்பப்பை வாய் மாதிரி வேற இடத்துல இருக்குறது. உங்க ரிப்போர்ட்ல இந்த நம்பர் இல்லன்னா கேட்டு வாங்குங்க, இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. கூடவே மூணு பக்க அளவு, மொத்தம் எத்தன கட்டி, உள்வரி (கர்ப்பப்பையோட உள்பக்கத்து படலம்) எவ்ளோ தடிமன், ரெண்டு சினைப்பையும் எப்படி இருக்கு, இதெல்லாம் எழுதியிருக்கணும்.

முதல் ஸ்கேன் அல்ட்ராசவுண்டு. வயித்து மேல வச்சு பாக்குறதுக்கு தண்ணி குடிச்சு மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும், டிவிஎஸ்னு சொல்ற உள்வழியா பாக்குற ஸ்கேனுக்கு காலியா இருக்கணும், இது தெரியாம வரிசைல உக்காந்து அவஸ்தப்படுறவங்கள தெனம் பாக்குறேன். கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு பொதுவா டிவிஎஸ் பண்ண மாட்டாங்க, வயித்து மேல மட்டும்தான். பீரியட்ஸ் முடிஞ்ச கையோட ஸ்கேன் எடுத்தா உள்வரி மெல்லிசா இருக்கும், உள்ள துருத்திக்கிட்டு இருக்குற கட்டி நல்லா தெரியும்.

0, 1 மாதிரி உள்ளயே இருக்குற சின்ன கட்டின்னா கதை சீக்கிரம் முடிஞ்சுரும். ஹிஸ்டரோஸ்கோப்பினு கேமராவ கீழ்வழியா விட்டு செதுக்கி எடுத்துருவாங்க, வயித்துல வெட்டே கிடையாது. அதுக்கு மேல நான் எழுதப்போறது தேவையே இல்ல.

எம்ஆர்ஐ எதுக்கு

மத்த கட்டிகளுக்கு ஆபரேஷன் வேணாம்னு யோசிச்சா எம்ஆர்ஐ எடுத்துருங்க, காசு கூடத்தான், ஆனா இதுல மிச்சம் பிடிக்காதீங்க. அல்ட்ராசவுண்டுல ஃபைப்ராய்டு மாதிரி தெரியிறது பல நேரம் அடினோமயோசிஸா இருக்கும், அதாவது தனி கட்டி இல்லாம கர்ப்பப்பை சுவரே ஊதிப்போறது. ரெண்டும் ஒண்ணா இருக்குறதும் உண்டு. எம்ஆர்ஐல உள்வரிக்கும் சதைக்கும் நடுவுல ஒரு கருப்புப் பட்டை தெரியும், அது 12 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சிருந்தா அடினோமயோசிஸ்னு சந்தேகப்படுவாங்க. வைத்தியமும் எதிர்பார்ப்பும் மாறிரும்.

ரெண்டாவது, காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கணும். மருந்து போனதும் ரத்த ஓட்டம் இருக்குற கட்டி பளிச்சுன்னு ஆகும். பளிச்சுன்னு ஆகலன்னா அந்த கட்டி ஏற்கனவே செத்துப்போச்சு, அதுக்கு போற ரத்தத்த அடைச்சு என்ன ஆகப்போகுது? இது தெரியாம போய் டேபிள்ல படுத்தா வீண் செலவு, வீண் வலி. மூணாவது, கட்டிக்கு கர்ப்பப்பை ரத்தக்குழாய்ல இருந்து மட்டும் ரத்தம் வருதா, இல்ல சினைப்பை குழாய்ல இருந்தும் வருதான்னு அதுலயே ஒரு மாதிரி பாத்துரலாம்.

புத்துநோயா இருக்குமோங்கிற பயத்தயும் இங்கயே சொல்லிடுறேன். ஃபைப்ராய்டுன்னு நெனச்சது சார்கோமாங்கிற புத்துநோயா இருக்குறது ரொம்ப அபூர்வம். எம்ஆர்ஐ சந்தேகத்த கிளப்பும், ஆனா நூறு சதவீதம் இல்லன்னு எந்த படமும் சத்தியம் பண்ணாது. மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் கட்டி வளருதுன்னா இந்த அடைக்கிற வைத்தியம் பக்கமே போகாதீங்க, முதல்ல அது என்னன்னு பாருங்க. ரத்தப்போக்கு தாறுமாறா இருந்தா, அதுவும் 45 தாண்டியிருந்தா, உள்வரில இருந்து பயாப்சி எடுத்துட்டுதான் அடுத்த பேச்சே.

எம்ஆர்ஐ ரூம்ல அக்காவுக்கு வந்த பிரச்சன வேற. மெட்டி, கொலுசு, கொண்டை ஊசி எல்லாம் கழட்டுனா, தாலின்னதும் நின்னுட்டா. அதுல ரெண்டு சேஃப்டி பின் வேற கோத்து வச்சிருந்தா, பின் காந்தத்துக்கு பறக்கும்னு சொல்லியும் மனசு வரல. கடைசில பெரியம்மா பைல இருந்து மஞ்சக் கயிறு ஒண்ண எடுத்து, அதுல ஒரு மஞ்சத்துண்ட கோத்து கட்டிவிட்டு, தாலிய தன் முந்தானைல முடிஞ்சுக்கிட்டாங்க. நீங்களும் வீட்ல இருந்து கிளம்பும்போதே ஒரு கயிறு எடுத்துட்டுப் போயிருங்க, அங்க போய் அழ வேண்டாம்.

எந்த வைத்தியம் யாருக்கு

படத்த பாத்து பண்றதுல ரொம்ப நாளா இருக்குறது எம்போலைசேஷன், கட்டிக்கு போற ரத்தக்குழாய அடைக்கிறது. 1995ல பாரிஸ்ல ஜாக் ராவினாங்கிற டாக்டர் குழு இத வெளிய சொன்னாங்க. அவங்க முதல்ல இத பண்ணது வைத்தியமாவே இல்ல, ஆபரேஷன்ல ரத்தம் குறைவா போகட்டும்னு முன்கூட்டியே குழாய அடைச்சாங்க, அடைச்ச பொண்ணுங்கள்ல பல பேருக்கு கஷ்டமே குறைஞ்சு ஆபரேஷனே வேணாம்னு ஆயிருச்சு. அமெரிக்காவோட காண்டலீசா ரைஸ் 2004 நவம்பர்ல, வெளியுறவு அமைச்சரா அறிவிச்ச அதே வாரம், வாஷிங்டன்ல ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரில இத பண்ணிக்கிட்டாங்க, ஒரு ராத்திரி தங்கிட்டு வீட்டுக்கு போனாங்க.

இன்னொன்னு ஹைஃபு. ஊசியும் இல்ல குழாயும் இல்ல, பூதக்கண்ணாடில வெயில குவிச்சு பேப்பர எரிக்கிற மாதிரி அல்ட்ராசவுண்ட் அலைய வெளிய இருந்தே கட்டிக்குள்ள ஒரு புள்ளில குவிச்சு 60 டிகிரிக்கு மேல சூடேத்தி சாகடிக்கிறது. எம்ஆர்ஐ மெஷினுக்குள்ளயே படுக்க வச்சு சூட்ட படத்துல பாத்துக்கிட்டே பண்றதுக்கு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004ல அனுமதி குடுத்துச்சு, அல்ட்ராசவுண்ட் படத்த பாத்து பண்ற மெஷின் சீனாவோட சோங்சிங்ல இருந்து வந்தது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லாருக்கும் சரிப்படாது. எம்ஆர்ஐல டி2ன்னு ஒரு வகைப் படம் எடுப்பாங்க, அதுல கட்டி கருப்பா இருந்தா நல்லா வேலை செய்யும், வெள்ளையா இருந்தா சூடு நிக்காது. வயித்துக்கும் கட்டிக்கும் நடுவுல குடல் வந்தா ஆபத்து. பழைய சிசேரியன் தழும்பு அலை போற வழில இருந்தா தோல் சுடும். கட்டி ரொம்ப நிறைய இருந்தா இது கட்டுப்படி ஆகாது, ஒவ்வொண்ணா எத்தன மணி நேரம் சுடுறது.

கட்டிக்குள்ள ஊசிய விட்டு ரேடியோ அலையால சுடுறதும் இருக்கு, லேப்ராஸ்கோப்பி வழியாவும் பண்ணலாம், கீழ்வழியாவும் பண்ணலாம், ஊசி எங்க நிக்குதுன்னு அல்ட்ராசவுண்ட் காட்டும். நம்ம பக்கம் எல்லா ஊர்லயும் கிடைக்காது.

இனிமே குழந்தை வேணும்னு இருக்குறவங்க மட்டும் நிதானமா கேளுங்க. அடைச்சதுக்கு அப்புறம் குழந்தை பெத்தவங்க இருக்காங்க, ஆனாலும் அவங்களுக்கு பொதுவா முதல்ல சொல்றது கட்டிய மட்டும் வெட்டி எடுக்குற மயோமெக்டமிதான். கர்ப்பம், உள்ள இன்ஃபெக்‌ஷன், புத்துநோய் சந்தேகம், இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் எம்போலைசேஷன் கூடாது.

அக்காவோடது சுவர்ல புதைஞ்சு உள்ரூம தொட்டுக்கிட்டு இருந்த 3ம் நம்பர், காண்ட்ராஸ்ட்ல பளபளன்னு இருந்துச்சு, அடினோமயோசிஸ் இல்ல. எம்போலைசேஷனுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி கேஸ்.

கேத் லேப் உள்ள

போறதுக்கு முன்னாடி கிட்னி எப்படி இருக்குன்னு பாக்குற கிரியாட்டினின், ரத்தம் உறையிற டெஸ்ட், கர்ப்ப டெஸ்ட் எடுப்பாங்க. சுகர் மாத்திரை, ரத்தம் கெட்டியாகாம இருக்குற மாத்திரை, காப்பர் டி, போன தடவ காண்ட்ராஸ்டுக்கு அரிப்பு வந்தது, எல்லாத்தயும் நீங்களா சொல்லிருங்க. கட்டி சுருங்குறதுக்கு மாச ஊசி போட்டிருந்தா அத கண்டிப்பா சொல்லணும், அந்த ஊசி ரத்தக்குழாய மெலிசாக்கிரும், உள்ள ட்யூப் நுழையாது, கொஞ்ச நாள் தள்ளித்தான் பண்ணுவாங்க.

மயக்க மருந்து பொதுவா கிடையாது, தொடை இடுக்குலயோ மணிக்கட்டுலயோ மரத்துப்போற ஊசி, அசதியா இருக்க ஒரு மருந்து. மணிக்கட்டு வழியா போனா முடிஞ்சதும் எந்திரிச்சு உக்காரலாம், தொடை வழின்னா நாலு முதல் ஆறு மணி நேரம் கால நீட்டியே வச்சிருக்கணும். மூத்திரத்துக்கு ட்யூப் போடுவாங்க, அக்கா அதுக்கு முகம் சுளிச்சா, ஆனா காரணம் இருக்கு: போடுற காண்ட்ராஸ்ட் எல்லாம் கிட்னி வழியா மூத்திரப்பைக்குத்தான் வரும், அது நிறைஞ்சா எக்ஸ்ரே படத்துல கர்ப்பப்பைக்கு முன்னாடி கருப்பு பலூன் மாதிரி நின்னு மறைச்சிரும்.

ட்யூப், பென்சில் லெட் கணக்கா ஒண்ணரை மில்லிமீட்டர் தடிமன், ரத்தக்குழாய் உள்ளயே இடுப்புக்கு போகும். மருந்து விட்டதும் இடுப்புக்கு கீழ சுடுதண்ணி ஊத்துன மாதிரி இருக்கும், ஒண்ணுக்கு போயிட்டோமோன்னு தோணும், போயிருக்க மாட்டீங்க, பயப்படாதீங்க. அந்த நேரம் ஸ்கிரீன்ல பாத்தா கர்ப்பப்பை குழாய் மட்டும் தனியா அடையாளம் தெரியும், மத்த குழாய் எல்லாம் நேரா போகும், இது மட்டும் அவரைக்கொடி பந்தல்ல சுத்துன மாதிரி சுருண்டு சுருண்டு போகும். அந்த சுருள்ல சின்ன ட்யூப நுழைக்கிறதுதான் டாக்டரோட கை. அவசரப்பட்டா குழாய் பயந்து சுருங்கிரும், அப்ப மருந்து குடுத்து அஞ்சு நிமிஷம் சும்மா நிப்பாங்க, உள்ள சத்தமே இருக்காது, பிரச்சனைன்னு நெனச்சுக்காதீங்க. கர்ப்பப்பை வாய்க்கு போற கிளைய தாண்டி ட்யூப வச்சதுக்கு அப்புறம்தான் துகள் விடுவாங்க.

துகள் 500லிருந்து 700 மைக்ரான், அதாவது மெல்லிசு ரவை சைஸ். காண்ட்ராஸ்டோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா விடணும், ரத்தம் எங்க அதிகமா ஓடுதோ அங்கதான் அதுவும் போகும், கட்டிதான் ரத்தத்த குடிச்சுக்கிட்டு இருக்கு, அதனால கட்டிக்குள்ள போய் அடைக்கும், நல்ல சதைக்கு பக்கத்து வழியா ரத்தம் வந்து பொழச்சுக்கும். எப்ப நிறுத்துறதுங்கிறதும் படத்துலதான் இருக்கு. முதல்ல கிளையும் இலையுமா இருந்த முருங்கைய மழைக்கு முன்னாடி மொட்டையா வெட்டிவிட்ட மாதிரி, கிளை எல்லாம் மறைஞ்சு தண்டு மட்டும் நிக்கும், விட்ட காண்ட்ராஸ்ட் அஞ்சு பத்து இதயத்துடிப்புக்கு நகராம அங்கயே நிக்கும். அப்ப நிறுத்திடணும். இடது முடிச்சா வலது, ரெண்டு பக்கமும் அடைச்சாத்தான் பலன், ஒரு பக்கத்த விட்டா கட்டி அந்த பக்கம் இருந்து வாங்கிக்கும். கடைசில பெரிய குழாய்ல ஒரு படம் எடுத்து, கிட்னி குழாய்க்கு கீழ பிரியிற சினைப்பை குழாய் கட்டிக்கு ரத்தம் குடுக்குதான்னு பாக்குறதும் உண்டு. அக்காவுக்கு மொத்தம் ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு.

எக்ஸ்ரே கதிர் பத்தி ரெண்டு வார்த்தை, இது என் ஏரியா. சினைப்பை அந்த படத்துக்குள்ளயேதான் இருக்கு, அதனால கதிர விட்டு விட்டு அனுப்புற பல்ஸ் மோட்ல வச்சு, தேவையான இடத்த மட்டும் திறந்து, பெருசு பண்ணாம, கடைசி படத்த நிறுத்திவச்சு அதப் பாத்தே வேலை பாக்கணும். "கதிர் டோஸ் எவ்ளோ வந்துச்சு"ன்னு முடிஞ்சதும் கேளுங்க, மெஷின்லயே நம்பர் இருக்கும், சம்மரில எழுதிக் குடுப்பாங்க.

வலி

வலியே இருக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கட்டி ரத்தம் இல்லாம சாகுது, அது சும்மா சாகாது. முதல் 6லிருந்து 12 மணி நேரம் பிரசவ வலில பாதின்னு அக்கா சொன்னா. அதுக்காகத்தான் பட்டன அழுத்துனா தானா மருந்து வர்ற பம்ப் வைக்கிறது, சில இடத்துல எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே தொப்புளுக்கு கீழ இருந்து ஊசிய முதுகெலும்பு முன்பக்கம் வரைக்கும் விட்டு அங்க இருக்குற நரம்ப மரக்க வைப்பாங்க. இந்த வசதி இருக்கான்னு அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே கேளுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்டு புண்ணியம் இல்ல. ஒரு வாரம் லேசா காய்ச்சல், குமட்டல், அடிச்சுப்போட்ட மாதிரி அசதி இருக்கும், அது சகஜம். ஆனா காய்ச்சல் 101க்கு மேல நின்னாலோ, நாத்தத்தோட வெள்ளை போனாலோ, குறைஞ்ச வலி திரும்ப கூடுனாலோ அது ஒரு வாரத்துல வந்தாலும் சரி, ரெண்டு மாசத்துல வந்தாலும் சரி, ஓடுங்க. உள்ரூம் பக்கம் இருந்த கட்டி செத்து கழண்டு கீழ்வழியா வெளிய வர்றதும் உண்டு, துண்டு துண்டா சதை மாதிரி வரும், டாக்டர் பாத்தே ஆகணும்.

பலன்

ரத்தப்போக்கு பத்துல எட்டு ஒம்பது பேருக்கு நல்லா குறையுது. அதுக்காக ஒரேடியா தீர்ந்துச்சுன்னு எழுதிக் குடுக்க முடியாது. நெதர்லாந்துல எம்மிங்கிற ஆய்வுல அடைச்சுக்கிட்டவங்கள்ல நூத்துக்கு சுமார் 28 பேர் அஞ்சு வருஷத்துக்குள்ள கர்ப்பப்பைய எடுக்க வேண்டி வந்துச்சு. அப்படியே திருப்பிப் பாத்தா நூத்துக்கு 72 பேருக்கு எடுக்காமலே ஓடியிருக்கு. பிரிட்டன்ல 2020ல வந்த ஃபெம் ஆய்வுல 254 பேர மயோமெக்டமி, எம்போலைசேஷன்னு ரெண்டு குழுவா பிரிச்சு பாத்தாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வாழ்க்கை எப்படி இருக்குன்னு நூத்துக்கு மார்க் போட்டா மயோமெக்டமி பண்ணவங்களுக்கு 84.6, அடைச்சவங்களுக்கு 80. ரெண்டுமே நல்ல மார்க்தான், ஆபரேஷன் கொஞ்சம் முன்னாடி. 45 தாண்டுனவங்கள்ல சில பேருக்கு பீரியட்ஸ் அதோட நின்னும் போகலாம், சின்ன வயசுல அது ரொம்ப குறைவு. இந்த நம்பர் எல்லாத்தயும் தெரிஞ்சுக்கிட்டு ஒருத்தி "எனக்கு கர்ப்பப்பைய எடுத்தாலே போதும்"னு சொன்னா அதுவும் சரியான முடிவுதான், தெரியாம எடுக்குறதுதான் எனக்கு ஆகாது.

ஆறு மாசம் கழிச்சு அக்கா ஃபாலோ அப் ஸ்கேன் எடுத்தா, ரிப்போர்ட்ல 5.8 சென்டிமீட்டர். ஃபோன்ல ஒரே அழுகை, "இவ்ளோ வலி பட்டும் ஒரு சென்டிமீட்டர்தான்டி குறைஞ்சிருக்கு". பல பேரு இங்கதான் ஏமாந்து போறாங்க. கட்டி உருண்டை, நீளத்த மட்டும் பாக்கக்கூடாது, மூணு அளவயும் பெருக்கி 0.52 ஆல பெருக்குங்க. 7 சென்டிமீட்டர் உருண்டை 178 சிசி, 5.8ன்னா 101 சிசி. நூத்துக்கு 43 பங்கு காலி. அதவிட முக்கியம், காண்ட்ராஸ்ட் எம்ஆர்ஐல கட்டி பளிச்சுன்னு ஆகாம முழுசா கருப்பா இருக்கணும், அப்ப அது செத்த கட்டி, சின்னதா ஆகலன்னாலும் பரவால்ல. ஓரத்துல ஒரு பொட்டு பளிச்சுன்னு இருந்தா அங்க இருந்து திரும்ப வளரலாம், அடுத்த வருஷமும் பாக்கணும். அக்காவோடது முழுக்க கருப்பு, ஹீமோகுளோபின் 11.4, பீரியட்ஸ் 5 நாள்.

ஒரு சின்ன விஷயம், ரிப்போர்ட் பேப்பர மட்டும் வாங்கிட்டு வராதீங்க, முன்னாடி எடுத்தது பின்னாடி எடுத்தது ரெண்டு எம்ஆர்ஐயோட சிடியயும் கேட்டு வாங்குங்க. அடுத்த டாக்டர் ஒப்பிட்டுப் பாக்க அவருக்கு பேப்பர் பத்தாது, படம்தான் வேணும். அக்கா வீட்ல பிள்ளைங்க பழைய சிடிய பறக்கும் தட்டுன்னு விட்டு வெளையாடுறத பாத்துட்டு, நான் எல்லாத்தயும் ஒரு பென் டிரைவ்ல ஏத்தி பீரோ லாக்கர்ல வைக்க சொல்லிட்டேன்.